டிக்கெட் எடுத்துப் பார்த்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வர வேண்டும். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வருவார்கள், காப்பி குடிப்பார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போவார்கள். எங்கள் பக்கம் எப்பேர்ப்பட்ட ஏழை வீட்டுக்கும் இந்த மரியாதை உண்டு. என் விஷயத்தில் அது தலைகீழாக நடந்தது. மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதாம். அவர் வேலை பார்க்கிற இடமே பார்க்க அழகாக இருக்குமாம், எல்லாரும் அங்கே வந்துவிடுங்கள் என்று தரகர் வந்து சொன்னார். அதனால் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அச்சங்குளத்தில் பஸ் ஏறி, சாத்தூரில் மாறி, தூத்துக்குடியில் மாறி, கடலோரம் ஒரு உப்புப் பொட்டலில் இறங்கி, ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கப் போனோம்.

செல்போனில் படம் எடுத்தால் அதற்குத் தனி டிக்கெட் என்றார் கவுண்டரில் இருந்தவர். மாப்பிள்ளையைப் படம் எடுத்தாலுமா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அம்மா இடுப்பில் கிள்ளிவிட்டாள்.

லீவு கிடையாது என்பதெல்லாம் சும்மா. எங்கள் வீட்டு வாசலை மிதிக்க அவர்களுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர்கள் ஒன்றும் லண்டனில் பிறந்தவர்கள் இல்லை. எங்கள் பக்கத்துப் பட்டாசு ஊரான ஆனைக்குட்டத்துக்காரர்கள். மாப்பிள்ளை செல்வக்குமாரின் அம்மா எத்தனையோ வருஷம் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியவள். பையனுக்கு இந்தப் பறவைப் பூங்காவில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு கடலோரம் போய்விட்டார்கள். போன கையோடு பட்டாசு வாடையே தங்களுக்கு ஆகாது, மூச்சு முட்டும் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறாள் அந்த அம்மா. லேபிள் ஒட்டின பசை விரலிலிருந்து முழுசாகப் போயிருக்குமோ என்னவோ.

இவ்வளவு வாய் பேசுகிறவள் எதற்குப் போனாய் என்று கேட்கலாம். எனக்கு மருந்து ரூமை விட்டு வெளியே வர வேண்டும். அதற்காகத்தான் போனேன். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அம்மா வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில், அவளுக்குப் பக்கத்து ரூமில் உட்கார்ந்து பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறேன். போன சீசன்வரை எங்கள் வேனில் வந்த இரண்டு பெண்கள் இப்போது வருவதில்லை. அவர்களுடைய போட்டோவை அஞ்சலி போஸ்டரில் பார்த்துக்கொண்டே தினமும் வேனுக்குக் காத்திருந்தோம். அந்த வாரம் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "ஒன்னைய அந்தக் கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்." அதற்கப்புறம் தரகரை அவளே தேடிப் போனாள். பறவைக்குத் தீனி போடுகிறவனானாலும் சரி, பன்றி மேய்க்கிறவனானாலும் சரி, வெளியூர்க்காரனாக இருந்தால் போதும் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பூங்கா என்றதும் நான் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். ஒரு ஊருணி அகலத்துக்கு இரும்புத் தூண்களை நட்டு, மேலேயும் பக்கத்திலேயும் வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மொத்தப் பூங்காவும் ஒரே கூண்டு. மனிதர்களும் அதற்குள்ளேதான் நடக்க வேண்டும். உள்ளே நாலு தென்னை. வலையில் இடிக்கக் கூடாதென்று நாலுக்கும் தலையை வெட்டியிருந்தார்கள். மீதி மரமெல்லாம் சிமெண்ட். சிமெண்டில் ஒரு குளம், குளத்தில் பைபோல அலகு தொங்க இரண்டு கூழைக்கடா, அவற்றின் கீழே பச்சைப் பாசி. கிளிகள் கத்தின கத்தில் காது அடைத்தது. வலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், கடல் சும்மா கிடந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காக்கைகள் வலைக்கு மேலே வரிசையாக உட்கார்ந்து, டிக்கெட் எடுத்து உள்ளே வந்த எங்களை ஓசியில் வேடிக்கை பார்த்தன.

வாசலில் இரண்டு கதவு. வெளிக்கதவைத் திறந்து போனால் ஒரு சின்ன அறை, அதைத் தாண்டி உள்கதவு. இரண்டிலும் ஸ்பிரிங். மாப்பிள்ளை அங்கேயே நின்று எங்களை வரவேற்றார். காக்கி யூனிபார்ம், தொப்பி, கழுத்தில் விசில், இடுப்பில் வாக்கிடாக்கி. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்குக் குடை ஒன்றுதான் குறைச்சல்.

"வாங்க மாமா, வாங்க அத்த. ஒரு கதவ நல்லாச் சாத்துனப்பெறகுதான் அடுத்த கதவத் தொறக்கணும். அதான் இங்கன ரூலு" என்றார்.

வெளிக்கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. அந்தச் சின்ன அறைக்குள் நாலு பேர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அம்மாவுக்கு மேலுதடு வியர்த்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அம்மாவுக்கு இது ஒரு வியாதி. மருந்து ரூமில் ஆள் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா இருந்த ரூம் வெடித்தது. காற்றில் கதவு சாத்திக்கொள்கிறதே என்று அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அம்மா அந்தப் பக்கமாகப் போனவள் ஒரு கல்லை அண்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்பா அந்தக் கதவு வழியாகத்தான் ஓடி வந்தார். ஒரு காது கருகிப்போய், முதுகுத் தோல் சுருங்கிப்போய், இருந்தாலும் உயிரோடு வந்தார். அன்றிலிருந்து அம்மா எந்தக் கதவையும் சாத்தவிட மாட்டாள். கல்யாண மண்டபத்தில் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். டாக்டர் ரூமில் கதவிடுக்கில் தன் செருப்பைக் கழற்றி வைத்து, நர்சிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். யோசித்துச் செய்வதில்லை. ஈ விரட்டுகிற மாதிரி கை தானாகச் செய்துவிடும்.

உள்ளே சிமெண்ட் பெஞ்சில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தோல்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வாங்க என்று சொன்னாள். வாய் சொன்னதே தவிர உடம்பு அசையவில்லை. முதலில் அப்பாவின் காதை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"கையக் காட்டு தாயி."

காட்டினேன். நகக்கண்ணில் வெள்ளி மாதிரி மினுங்கியது. அலுமினியப் பொடி. புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகாது.

"இது போகாதா? கல்யாணத்துக்குள்ளயாவது போயிருமா?"

"வேலைய நிறுத்துனா ஒரு மாசத்துல போயிரும்" என்றாள் அம்மா அவசரமாக.

"எங்க கையெல்லாம் அப்பவே நல்லாத்தான் இருந்துச்சு. நாங்க தீப்பெட்டியோட சரி. மருந்துப் பக்கம் போனதில்ல" என்றாள் அவள். தீப்பெட்டிக்குள் என்ன மல்லிகைப் பூவா இருக்கிறது என்று கேட்காமல் விட்டது என் பொறுமை.

பெரியவர்கள் பேசட்டும் என்று மாப்பிள்ளை என்னைக் கூண்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா, கால் வலிக்கிறது என்று சொல்லிக் கதவுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா கூழைக்கடாவைப் பார்க்கப் போனார்.

செல்வக்குமார் நிறையப் பேசினார். தான் சீனியர் சூப்பர்வைசர் என்றார். ஜூனியர் யார் என்று கேட்டேன்; இன்னும் போடவில்லை என்றார். ஒரு கிளியைக் காட்டி அது வேற நாட்டுக் கிளி, பொறந்தது சென்னை என்றார். எங்கேயோ பிறந்து எங்கேயோ கூண்டில் கிடப்பதில் என்ன பெருமையோ. கடைசியில் வெள்ளையாய், தலையில் மஞ்சள் கொண்டையோடு ஒரு பெரிய கிளி இருந்தது. அதுதான் மேனேஜரின் செல்லமாம். அதைக் கொண்டுவந்து என் கையில் உட்கார வைத்தார். அது என் ஜாக்கெட்டில் எச்சம் போட்டது. "ராசி" என்று சிரித்தார்.

அப்புறம் வலையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "குவாட்டர்ஸ் குடுத்துருக்காக. காத்து நல்லா வரும். நீ வேலைக்கெல்லாம் போக வேண்டாம். வீட்ல இருந்தாப் போதும்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத் தொப்பி, விசில், வாக்கிடாக்கி, அவர் அம்மாவின் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். காலையில் எழுந்து, வேனுக்கு ஓடாமல், வாசலில் நின்று சும்மா கடலைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து வேறொரு வேலைக்காரரின் விசில் சத்தம் கேட்டது. திரும்பினோம். கூண்டுக்குள் இருந்த கிளிக்கூட்டம் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பச்சையும் மஞ்சளுமாக, கத்திக்கொண்டே, கதவுக்குள் நுழைந்து வெளியே போயின. உள்கதவும் திறந்திருந்தது, வெளிக்கதவும் திறந்திருந்தது. ஒன்றில் செங்கல் அண்டைக் கொடுத்திருந்தது. இன்னொன்றில் எங்கள் வீட்டு வயர்கூடை. கூடைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு வாங்கிய பூவும் பழமும் அப்படியே இருந்தன. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, வாசல் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, நிம்மதியாக இருந்தாள். தலைக்கு மேலே இத்தனை பறவை போவதைப் பார்த்து அவளும் எல்லோரையும்போல வேடிக்கைதான் பார்த்திருக்கிறாள்.

செல்வக்குமார் ஓடினார். கூடையை உதைத்துக் கதவைச் சாத்துவதற்குள் அந்த வெள்ளைக் கிளியும் போய்விட்டது. போனவை கடலைப் பார்த்துப் போகவில்லை, வானத்தைப் பார்த்தும் போகவில்லை. வெளியே பஜ்ஜிக் கடை ஒன்று இருந்தது. அதன் கூரையில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, இப்போது என்ன செய்வது என்று எங்களைப் பார்த்தன. அவற்றின் லட்சணமும் அவ்வளவுதான்.

மேனேஜர் வந்தார். ராஜபாண்டியன் என்று பெயர். கனத்த உடம்பு, மூச்சிரைத்தது.

"யாருலே கதவத் தொறந்து போட்டது?"

அம்மா எழுந்து நின்றாள். மறைக்கத் தெரியாத ஜென்மம். "நான்தான் சார்" என்றாள்.

"யாருலே இந்தப் பொம்பள?" என்று மேனேஜர் செல்வக்குமாரிடம் கேட்டார்.

நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அத்தை என்று கூப்பிட்ட வாய் அது.

"பப்ளிக் சார். பட்டாசுக் கம்பெனி ஆளுக போல. போர்டப் பாத்தாத்தான சார்" என்றான். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "இந்தாம்மா, அம்புட்டுப் பெருசா எளுதிப் போட்டுருக்கு, கண்ணு தெரியாதா?" என்றான்.

அவன் அம்மா தோல்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கூழைக்கடாக் குளத்துப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பறவை பார்க்க ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. மேனேஜரிடம் நியாயம் சொல்கிற மாதிரி, மெதுவாக, "ஆளுக உள்ள இருக்கையில கதவச் சாத்தலாமா சார்? எதாச்சும்னா எப்பிடி ஓடுறது?" என்று கேட்டாள்.

மேனேஜருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "கிளி வெடிக்குமாம்மா?" என்றார். கூட நின்ற வேலைக்காரர்கள் சிரித்தார்கள். செல்வக்குமாரும் சிரித்தான்.

மேனேஜர் சிரித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு என்ன தெரியும். ஆனால் இவன் ஆனைக்குட்டத்துக்காரன். திறந்த கதவு என்றால் என்ன என்று இவனுக்குத் தெரியும். இரண்டு எட்டு தள்ளி, கருகின காதோடு என் அப்பா நின்றுகொண்டிருக்கிறார். தெரிந்துகொண்டே சிரித்தான். அந்த நிமிஷம் அவனைப் பிடித்துக் கூழைக்கடாக் குளத்துப் பாசியில் முக்கியெடுக்க வேண்டும்போல இருந்தது.

போலீஸுக்குச் சொல்வேன் என்று மேனேஜர் கொஞ்ச நேரம் கத்தினார். அதற்குள் வேலைக்காரர் ஒருவர் பஜ்ஜிக் கடைக் கூரைக்குக் கீழே தீனித் தட்டைக் காட்டினார். போனவை ஒவ்வொன்றாக இறங்கித் தட்டோடு கூண்டுக்குத் திரும்பின. வெள்ளைக் கிளி மட்டும் பனைமரத்துக்குப் போய்விட்டது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள். போனோம்.

பஸ்ஸுக்காக பஜ்ஜிக் கடை ஓரத்தில் நின்றோம். அம்மா கூடையில் நசுங்கின பழத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பண்ணின வேலையால் உன் கல்யாணம் போச்சே என்று முகத்தில் எழுதியிருந்தது. அப்போது செல்வக்குமார் வந்தான். தொப்பி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வந்தான்.

"தப்பா நெனைக்காதீக அத்த. ஒங்களத் தெரியும்னு சொல்லியிருந்தா என் வேல போயிருக்கும்" என்றான். "எனக்கும் அம்மாவுக்கும் சம்மதந்தான். பொண்ணப் பிடிச்சுருக்கு."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு விசயம்" என்றான். "கல்யாணத்துக்கு மேனேஜர் கட்டாயம் வருவாரு. அவருதான் குவாட்டர்ஸ் குடுக்கிறவரு. ஒங்களப் பாத்தா அடையாளம் தெரிஞ்சிரும். அன்னைக்கு ஒரு நா மட்டும் நீங்க முன்னாடி வராம இருந்துக்கிட்டா நல்லது. தாரவாக்கிறதுக்கு வேற யாராச்சும் அத்த, சித்தி இருந்தா நிக்கச் சொல்லலாம்."

என்னைப் பெற்றவள் இருக்கும்போது, என்னைத் தாரைவார்த்துக் கொடுக்க வாடகைக்கு ஒரு அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்ன தம்பி. நான் சமையக்கட்டுப் பக்கம் இருந்துக்கிறேன். எங்க நாத்துனா நிப்பா. இதெல்லாம் ஒரு விசயமா?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவன் நிம்மதியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் எல்லாம் முடிந்துபோனது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருந்த மேனேஜர் ரூமுக்குப் போனேன். அம்மா வரமாட்டேன் என்று காலை ஊன்றினாள். என் கைக்கு மருந்து செலுத்திச் செலுத்தி நல்ல பலம்.

மேனேஜர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இவுக எங்க அம்மா. பேரு மாரித்தாய்" என்றேன். "பப்ளிக் இல்ல. ஒங்க சீனியர் சூப்பர்வைசர் செல்வக்குமார் என்னையப் பொண்ணு பாக்குறதுக்காக எங்கள இங்கன வரச் சொன்னாரு. கதவச் சாத்தணும்னு அவருதான் எங்களுக்குச் சொன்னாரு. சொல்லிட்டு எங்கம்மாவக் கதவுகிட்ட விட்டுட்டு எனக்குக் கிளி காட்ட வந்துட்டாரு."

வாசலில் செல்வக்குமார் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் தம்ளரை வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை. தூத்துக்குடி பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அம்மாவை எவன் முன்னாலும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு திமிர். அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள், ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். தூத்துக்குடியில் பஸ் மாறினோம், எட்டயபுரமும் தாண்டியது; அவள் கூடையை மடியில் வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா அம்புட்டும் பேசுன?" என்றாள் திடீரென்று.

"பின்ன யாருக்காக?"

"நான் கேட்டனாடி?" குரலை உயர்த்தவில்லை. "ஒரு நா சமையக்கட்டுல நின்னா நான் செத்தா போயிருவேன்? விடிஞ்சா நீ எந்த ரூம்ல போயி உக்காரப்போற, அதச் சொல்லு."

காலையிலிருந்து பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது நகக்கண்ணில் இருந்த அலுமினியப் பொடியைச் சுரண்டினேன். அம்மா என்னையே பார்த்தாள். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரி, அந்த மேனேஜர், அந்தத் தொப்பிக்காரன் யாரும் அன்று எங்களை அவ்வளவு கேவலமாகப் பார்க்கவில்லை.